டெக்சஸ் மாநிலத்தின் மீது ஒரு படைவீரர் தொடுத்த வழக்கு

2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, லீ ராய் டோரஸ் என்ற முன்னாள் படைவீரர் டெக்சஸ் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் மீது தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. படைச் சேவைக்காக வேலையிலிருந்து சென்று திரும்பிய ஊழியரின் உரிமையை மறுத்ததாகக் குற்றம் சாட்டப்படும் ஒரு மாநில அரசு, தன் இறையாண்மையைக் காரணம் காட்டி அந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஐந்து நாள்களுக்கு முன்புதான் அதே நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்ற 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்திருந்தது. உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் டோரஸின் வழக்கு அதிகக் கவனம் பெறாமல் கடந்துபோனது. நான் அதை அந்த ஆண்டின் இறுதியில்தான் முழுமையாகப் படித்தேன். படித்த பிறகு பல நாள்கள் அது என்னை விட்டு அகலவில்லை.

அதற்குக் காரணம் என் அப்பா. அவர் பீரங்கிப் படைப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றி, இடது காதின் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்து, ஊர் திரும்பியவர். முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைக்கும் என்ற நிலையில், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அவருடைய கோப்பு நகரவில்லை. தொலைபேசியில் பேச வேண்டிய பணி என்றார்கள். வேறு பணி இருக்கிறதா என்று கேட்டதற்கு மனு எழுதித் தரச் சொன்னார்கள். மனுக்களின் நகல்களை அவர் தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் வழக்குத் தொடுக்கவில்லை. தொடுத்திருந்தால் வென்றிருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அரசின் மீது வழக்கே தொடுக்க முடியாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. டோரஸிடம் டெக்சஸ் மாநிலம் அதைத்தான் சொன்னது. அதைச் சொல்லி ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடிக்கவும் அதனால் முடிந்தது.

டோரஸ் 1989இல் அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் படையில் சேர்ந்தவர். ரிசர்வ் படையினர் சாதாரண நாள்களில் தத்தம் வேலையைப் பார்ப்பார்கள். குறித்த நாள்களில் பயிற்சிக்குச் செல்வார்கள். நாடு அழைக்கும்போது வேலையையும் வீட்டையும் விட்டுப் போர்முனைக்குப் போவார்கள். டோரஸின் வேலை டெக்சஸ் மாநிலத்தின் நெடுஞ்சாலைக் காவலர் பணி. 2007இல் அழைப்பு வந்தது. இராக்கின் பலாத் நகருக்கு அருகிலிருந்த மிகப் பெரிய அமெரிக்கப் படைத்தளத்தில் அவர் பணியமர்த்தப்பட்டார்.

அந்தத் தளத்தில் சுமார் பத்து ஏக்கர் பரப்பில் ஓர் எரிகுழி இருந்தது. ஒரு சிறு நகரத்தின் அளவுக்கு ஆட்கள் வாழும் இடத்தில் சேரும் குப்பை முழுவதும் அங்கே திறந்தவெளியில் கொளுத்தப்பட்டது. பிளாஸ்டிக், டயர்கள், பேட்டரிகள், வண்ணப்பூச்சு டப்பாக்கள், மருத்துவமனைக் கழிவு, மனிதக் கழிவு, பழுதான படைத் தளவாடங்கள் என்று எதுவும் பிரிக்கப்படவில்லை. தீ பிடிக்க விமான எரிபொருளை ஊற்றினார்கள். இரவு பகலாக எரிந்த அந்தக் குழியின் கரும்புகை, படைவீரர்கள் உறங்கிய, உண்ட, ஓடிப் பயிற்சி செய்த இடங்களின் மேல் படிந்தது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இத்தகைய குழிகள் பல இருந்தன. எதிரியின் குண்டுக்குத் தப்பியவர்களைத் தம் சொந்தத் தளத்தின் குப்பைப் புகை நோயாளிகளாக்கியது என்பதை எந்த நாட்டு ராணுவமும் எளிதில் ஒப்புக்கொள்ளாது. அமெரிக்க ராணுவமும் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை.

நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பிய டோரஸுக்கு மூச்சுவிடுவதே சிரமமாயிருந்தது. நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்கிவிடும் நோய் அது. இந்த நோயின் கொடுமை என்னவென்றால், வழக்கமான எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை. நுரையீரலிலிருந்து திசுவை வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றித் திரும்பிய பின் மூச்சுத் திணறலால் உடற்பயிற்சித் தேர்வில் தேறாமல்போன 80 படைவீரர்களைப் பரிசோதித்தது. அவர்களில் 49 பேருக்குத் திசுப் பரிசோதனை செய்யப்பட்டது; 38 பேருக்கு இந்த நோய் உறுதியானது. படையில் சேரும்போது அவர்கள் அனைவரும் உடல் தகுதித் தேர்வில் தேறியவர்கள். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, ஆகவே உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட ஒரு மனிதர், தம் மூச்சைத் தாமே சந்தேகிக்கும் நிலை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நெடுஞ்சாலைக் காவலர் ஓட வேண்டும், துரத்த வேண்டும், தேவைப்பட்டால் மல்லுக்கட்டி ஒருவரைப் பிடிக்க வேண்டும். அதைத் தம்மால் இனிச் செய்ய முடியாது என்பதை டோரஸே சொன்னார். அவர் கேட்டது, அதே துறையில் தம் உடல் தாங்கக்கூடிய வேறொரு பணியை. துறை மறுத்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. 2012இல் அவர் பணியை விட்டு விலகினார். 2017இல் டெக்சஸின் நியூசெஸ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

அவர் நம்பிய சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. சீருடைப் பணியாளர்களின் வேலைவாய்ப்பு மற்றும் மறுவேலை உரிமைச் சட்டம் என்று அதன் நீண்ட பெயரைத் தமிழாக்கலாம். அமெரிக்காவில் யுசெர்ரா என்று சுருக்கி அழைக்கிறார்கள். படைப்பணியில் இருந்தார் அல்லது இருக்கப்போகிறார் என்பதற்காக ஒருவருக்கு வேலையையோ பதவி உயர்வையோ மறுக்கக் கூடாது. பணி முடித்துத் திரும்புகிறவரை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும். இந்த மறுவேலை உரிமை 1940இல், இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டபோதே பிறந்துவிட்டது. 1946இல் உச்ச நீதிமன்றம் அதற்கு மறக்க முடியாத ஓர் உவமை கொடுத்தது. பணிமூப்பை நகரும் படிக்கட்டாகக் கொண்டால், போருக்குப் போனவர் இறங்கிய படியிலேயே திரும்ப ஏற வேண்டியதில்லை. அவர் போகாமலே நின்றிருந்தால் இப்போது எந்தப் படிக்கு வந்திருப்பாரோ அந்தப் படியில் ஏற வேண்டும். காயத்தோடோ நோயோடோ திரும்பியவருக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி கீழிறங்கி வந்து கைகொடுக்கிறது. முதலில், அவர் பழைய பணியைச் செய்வதற்கு இயன்ற ஏற்பாடுகளை நிர்வாகம் செய்து தர வேண்டும். அது இயலாதபோது, பணிமூப்பிலும் தகுதியிலும் ஊதியத்திலும் அதற்கு இணையான வேறு பணியைத் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் அதற்கு மிக நெருக்கமானதைத் தர வேண்டும். டோரஸ் கேட்டது இதற்கு மேல் எதுவுமில்லை.

இந்தச் சட்டம் நிறுவனத்தின் அளவைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு ஊழியரை வைத்து இரும்புக் கடை நடத்துகிறவரையும் அது கட்டுப்படுத்தும். ஊழியர் ரிசர்வ் பணிக்குப் போய்த் திரும்பினால் அந்தக் கடைக்காரர் இடம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கைச் சந்திக்க வேண்டும். அந்தச் சிறு கடைக்காரருக்கு இல்லாத விலக்கு, ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு மாநிலத் துறைக்கு உண்டு என்பதுதான் டெக்சஸின் வாதம். நாங்கள் அவருக்கு அநீதி செய்தோமா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே கூடாது, ஏனெனில் எங்கள் சம்மதமின்றி எங்கள் மீது வழக்குத் தொடுக்கவே முடியாது என்றது மாநிலம்.

தமிழ் வாசகர்களுக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். நம் அரசமைப்புச் சட்டத்தின் 300ஆவது பிரிவு, மத்திய அரசும் மாநில அரசுகளும் வழக்குத் தொடுக்கலாம், அவற்றின் மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. பணி நியமனம், பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்காக அரசு ஊழியர்கள் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது நமக்கு அன்றாடச் செய்தி. அரசு தாமதிக்கும், மேல்முறையீடு செய்யும், தீர்ப்பை நிறைவேற்றாமல் இழுத்தடிக்கும். என்றாலும் என் மீது வழக்கே கூடாது என்று அது பொதுவாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் மாநிலங்கள் அதைச் சொல்கின்றன. மன்னரைத் தம் சொந்த நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்ற பழைய ஆங்கிலேயக் கொள்கையின் எச்சம் அது. மன்னரையே வேண்டாமென்று போரிட்டுப் பிரிந்த நாடு, மன்னருக்குரிய இந்த விலக்குரிமையை மட்டும் தன் மாநிலங்களுக்குக் கொடுத்து வைத்துக்கொண்டது.

அதன் வரலாற்றில் முதல் அத்தியாயமே போரோடு தொடர்புடையது. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1777இல் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்குகள் கொடுத்த வணிகர் ஒருவருக்குப் பணம் வரவில்லை. அவர் இறந்த பிறகு அவருடைய சொத்தை நிர்வகித்த சிஸம் என்பவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1793இல் நீதிமன்றம் வழக்கு செல்லும் என்றது. போர்க்காலக் கடன்களால் திணறிக்கொண்டிருந்த மாநிலங்கள் கொதித்தெழுந்தன. 1795இல் அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது திருத்தம் வந்தது. ஒரு மாநிலத்தின் மீது வேறு மாநிலத்தவரோ வெளிநாட்டவரோ கூட்டரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதைத்தான் அந்தத் திருத்தத்தின் சொற்கள் தடுக்கின்றன. ஆனால் நீதிமன்றம் காலப்போக்கில் அதை விரித்துப் பொருள்கொண்டு, இறையாண்மை விலக்குரிமை என்பது அந்தச் சொற்களையும் தாண்டிய ஒரு பொதுக் கொள்கை என்று நிலைநாட்டியது.

கூட்டரசு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே இந்த ஒரு விஷயத்தில் நடந்த இழுபறி கவனிக்கத்தக்கது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களை மாநில, உள்ளாட்சி அமைப்புகள் சில வேலைக்குத் திரும்ப எடுக்கத் தயங்கியதால், 1974இலேயே மாநிலங்களின் மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்று காங்கிரஸ் சட்டமியற்றியிருந்தது. 1996இல் செமினோல் பழங்குடி வழக்கில், வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு மாநிலங்களைக் கூட்டரசு நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உடனே காங்கிரஸ் 1998இல் யுசெர்ராவைத் திருத்தி, கூட்டரசு நீதிமன்றம் வேண்டாம், மாநிலத்தின் சொந்த நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுங்கள் என்று வழியை மாற்றிக் கொடுத்தது. அடுத்த ஆண்டே, மெய்ன் மாநிலத்தின் நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலர்கள் மிகைநேர ஊதியம் கேட்டுத் தொடுத்த ஆல்டன் வழக்கில், மாநிலத்தின் சொந்த நீதிமன்றத்திலும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்த வழியையும் அடைத்தது. புத்தகத்தில் சட்டம் இருந்தது. அதில் உரிமையும் எழுதப்பட்டிருந்தது. அதை எந்த நீதிமன்றத்தில் கேட்பது என்பது மட்டும் இருபதாண்டுகளுக்கும் மேலாகக் கேள்வியாகவே இருந்தது.

டோரஸின் வழக்கு இந்தக் கேள்வியில்தான் சிக்கியது. விசாரணை நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. 2018இல் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கு செல்லாது என்றது. டெக்சஸின் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்கவே மறுத்துவிட்டது. அத்துடன் முடிந்திருக்க வேண்டிய கதைக்கு ஓர் எரிவாயுக் குழாய் உயிர்கொடுத்தது. 2021இல் பென்ஈஸ்ட் என்ற குழாய் நிறுவனத்துக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில், கூட்டரசின் நில எடுப்பு அதிகாரத்தைப் பெற்ற தனியார் நிறுவனம், மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்தையும் நீதிமன்றம் வழியே கையகப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஓர் அதிகாரம் கூட்டரசிடம் முழுமையாக, தன்னளவில் நிறைவுபெற்றதாக ஒப்படைக்கப்பட்டிருந்தால், அந்த அளவுக்கு மாநிலங்கள் தம் விலக்குரிமையை 1787ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா மாநாட்டிலேயே விட்டுக்கொடுத்துவிட்டன என்பது அதன் தர்க்கம். குழாய் பதிக்கும் நிறுவனம் ஒரு மாநிலத்தை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம் என்றால், அந்த நாட்டுக்காகப் போருக்குப் போனவர் ஏன் அழைக்க முடியாது? தீர்ப்பைப் படித்துக்கொண்டே வந்தபோது என்னை நிறுத்திய கேள்வி இதுதான்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீஃபன் பிரேயர் இந்தத் தர்க்கத்தைப் படை அதிகாரத்துக்குப் பொருத்தினார். அவர் விரித்துக் காட்டிய வரலாறு எனக்குப் பிடித்த பகுதி. விடுதலைப் போரின்போது அமெரிக்காவுக்கென்று ஒரு மத்திய அரசு இருந்தது என்பதே பெயரளவுக்குத்தான். ஆட்களும் பணமும் வேண்டுமென்றால் மாநிலங்களிடம் கேட்க வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவற்றின் விருப்பம். 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் வீரர்கள் உணவும் உடையும் காலணியும் இல்லாமல் வாடியதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். அந்தக் கசப்பை மறக்காதவர்கள் எழுதிய அரசமைப்புச் சட்டம், போரை அறிவிக்கவும், படை திரட்டிப் பேணவும், கடற்படை அமைக்கவும், படைகளுக்கான விதிகளை வகுக்கவும் காங்கிரஸுக்கு அதிகாரம் தந்தது. அதே சமயம், காங்கிரஸின் சம்மதமின்றிப் படை வைத்துக்கொள்ளவோ போரில் இறங்கவோ மாநிலங்களுக்குத் தடை விதித்தது. 1872ஆம் ஆண்டு டார்பிள் வழக்கில், பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் தந்தையின் சம்மதமின்றிப் படையில் சேர்ந்துவிட, விஸ்கான்சின் மாநில நீதி அலுவலர் அவரை விடுவிக்க உத்தரவிட்டார்; படையில் யார் இருப்பது என்பதில் மாநிலத்துக்குக் கைவைக்க இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அன்றே சொல்லிவிட்டது. ஆக, படை திரட்டுவதும் பேணுவதும் முழுக்க முழுக்கக் கூட்டரசின் காரியம். திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்ற உறுதி இருந்தால்தான் வேலையிலிருப்பவர் படையில் சேர்வார். எனவே அந்த உறுதியை மாநிலங்களின் மீதும் நிலைநாட்டும் வழக்குகளுக்கு மாநிலங்கள் தொடக்கத்திலேயே உடன்பட்டுவிட்டன என்று நீதிமன்றம் முடிவுசெய்தது.

நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் அலிட்டோ, கோர்சச், பேரெட் மூவரும் சேர்ந்துகொண்டார்கள். ஆல்டன் தீர்ப்பு, காங்கிரஸின் அதிகாரப் பட்டியலில் உள்ள எதைக் கொண்டும் மாநிலத்தை அதன் சொந்த நீதிமன்றத்தில் விருப்பத்துக்கு மாறாக நிறுத்த முடியாது என்று பொதுப்படச் சொல்லியிருக்கும்போது, போர் அதிகாரத்துக்கு மட்டும் விதிவிலக்கு எங்கிருந்து வந்தது என்று தாமஸ் கேட்டார். சட்ட முன்மாதிரிகளை அடுக்கிப் பார்த்தால் அந்தக் கேள்வி அற்பமானதல்ல; அதை நான் இரண்டு முறை படித்தேன். ஆனால் ஆல்டன் தீர்ப்பே தவறான அடித்தளத்தில் எழுந்தது என்று எண்ணுகிறவனுக்கு, அந்தத் தவற்றை இன்னும் ஒரு மாடி உயர்த்திக் கட்டச் சொல்லும் வாதமாகவே அது தெரிகிறது. கூட்டரசே படைவீரருக்காக மாநிலத்தின் மீது வழக்குத் தொடுக்கலாமே என்ற மாற்று வழி ஆல்டன் தீர்ப்பிலேயே சுட்டப்பட்டது உண்மைதான். ஒவ்வொரு ரிசர்வ் படைவீரருக்காகவும் வாஷிங்டனிலிருந்து அரசு வழக்கறிஞர்கள் ஊர் ஊராக வருவார்கள் என்று நம்பி யார் குடும்பம் நடத்த முடியும்?

நீதிபதிகள் பிரிந்த விதமும் கவனத்துக்குரியது. பென்ஈஸ்ட் வழக்கில் நிறுவனத்துக்கு ஆதரவாக நின்ற அலிட்டோ, டோரஸ் வழக்கில் மாநிலத்தின் பக்கம் போனார். அங்கே மாநிலத்தின் பக்கம் நின்ற எலெனா கேகன், இங்கே படைவீரரின் பக்கம் வந்து தனியாக ஓர் இணக்கத் தீர்ப்பும் எழுதினார். பிரேயரும் அலிட்டோவும் இளமையில் ராணுவ ரிசர்வ் படையில் இருந்தவர்கள். இருவரும் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள் என்பதிலிருந்து, சொந்த அனுபவம் ஒருவரை எங்கே கொண்டு சேர்க்கும் என்று கணிப்பது வீண் என்று கற்றுக்கொண்டேன். ஆல்டன் வழக்கில் 1999இல் சிறுபான்மையில் நின்று தோற்றவர்களில் பிரேயரும் ஒருவர். பெரும்பான்மைக்காக அவர் எழுதிய கடைசித் தீர்ப்பு டோரஸ் வழக்கினுடையது. மறுநாள் நண்பகலில் அவர் ஓய்வு பெற்றார்.

தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் அதன் தர்க்கத்தில் ஒரு வெறுமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. டோரஸ் வென்றது அவருக்கு அநீதி நேர்ந்ததாலோ, அவர் நோயுற்றவர் என்பதாலோ அல்ல. நாட்டுக்குப் படைவீரர்கள் தேவை. வேலை போய்விடும் என்ற அச்சம் இருந்தால் ஆட்கள் சேர மாட்டார்கள். ஆகவே அவருக்கு வழக்குரிமை உண்டு. ஆள்சேர்ப்பின் தேவைதான் அவருக்கு அந்த உரிமையைப் பெற்றுத் தந்தது. இதே நீதிமன்றம் 2001இல் முடிவு செய்த கேரட் வழக்கை அருகில் வைத்துப் பாருங்கள். அலபாமா மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனையில் செவிலியர் பிரிவின் இயக்குநராக இருந்த பெண்மணி, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு விடுப்பெடுத்துத் திரும்பியபோது பதவியை இழந்து, குறைந்த ஊதியப் பணிக்குப் போக நேர்ந்தது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் மாநிலத்திடம் இழப்பீடு கேட்க முடியாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யப்பட்ட புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கும் அதே பதில்தான். டோரஸின் நுரையீரல் இராக்கில் அல்லாமல் டெக்சஸின் நெடுஞ்சாலையிலேயே ஏதோ ஒரு ரசாயன லாரி விபத்தில் கெட்டிருந்தால், அதே உடல், அதே துறை, அதே மறுப்பு என்றிருந்தும், கூட்டரசின் மாற்றுத்திறனாளர் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்டு அவர் உள்ளே நுழைந்திருக்க முடியாது. ஒரு நோயாளியின் மூச்சுத்திணறல் எந்த மண்ணில் தொடங்கியது என்பதைக் கொண்டு அவருடைய வழக்குரிமை தீர்மானிக்கப்படுவதை என்னால் நீதியென்று ஏற்க முடியவில்லை.

படைவீரர்களுக்குமே கூட இந்த ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படைப்பணியின்போது நேர்ந்த உடற்கேட்டுக்காகக் கூட்டரசின் மீதே வழக்குத் தொடுக்க முடியாது என்று 1950இல் ஃபெரஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. எரிகுழிகளை நடத்திய ஒப்பந்த நிறுவனத்தின் மீது பல மாநிலங்களின் படைவீரர்கள் தொடுத்த வழக்குகள், அந்தக் குழிகள் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்ததால் அது நீதிமன்றம் ஆராயத்தக்கதல்ல என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றன. 2019இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. நோய்க்கான உதவித்தொகை கேட்டு முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் போனவர்களின் விண்ணப்பங்கள், நோய்க்கும் புகைக்கும் தொடர்பை நிரூபிக்கவில்லை என்று பெருமளவில் திருப்பி அனுப்பப்பட்டன. ஆணையிட்ட அரசு, குழியை எரித்த நிறுவனம், உதவித்தொகை தரும் துறை என்று எங்கும் வழி கிடைக்காத நிலையில், தாம் விட்டுப்போன வேலையையாவது திரும்பத் தாருங்கள் என்று கேட்கும் இடம் ஒன்றுதான் இருந்தது. அதையும் டெக்சஸ் அடைக்க முயன்றது.

டோரஸும் அவருடைய மனைவி ரோஸியும் இதை வெறும் சொந்த வழக்காக வைத்திருக்கவில்லை. வழக்குக்கு முன்பே அவர்கள் தொடங்கிய பர்ன் பிட்ஸ் 360 என்ற அமைப்பு, எரிகுழிப் புகையால் நோயுற்றவர்களைத் திரட்டியது. அவர்களுக்கான பதிவேடு ஒன்றை உருவாக்கும் சட்டம் 2013இல் வந்ததில் அந்தத் திரட்டலுக்குப் பங்குண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு ஆறு வாரங்களுக்குப் பிறகு, 2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி, எரிகுழி நோய்களைப் படைப்பணியால் விளைந்தவை என்றே கொண்டு சிகிச்சையும் உதவித்தொகையும் வழங்கும் பேக்ட் சட்டம் கையெழுத்தானது. அதற்கு முன் ஜூலை இறுதியில் செனட்டில் அது தடைபட்டபோது, நோயுற்ற படைவீரர்களும் குடும்பத்தினரும் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி 86-க்கு 11 என்ற கணக்கில் அது நிறைவேறியது. மூச்சுக்குழல் சுருங்கும் அந்த நோயும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு டோரஸுக்கு வேலையையோ பணத்தையோ தரவில்லை. வழக்கைத் தொடரலாம் என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பியது. பலரும் தலைப்பை மட்டும் படித்துவிட்டு அவர் வென்றுவிட்டார் என்று எண்ணிக்கொண்ட இடம் இது. வழக்கு மீண்டும் நியூசெஸ் மாவட்டத்துக்கே போனது. 2023 செப்டம்பரில், அவர் இராக்குக்குப் போய்ப் பதினாறு ஆண்டுகளும், வேலையை விட்டுப் பதினொரு ஆண்டுகளும் ஆன பிறகு, கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் ஜூரிகள் அமர்ந்து சாட்சியங்களைக் கேட்டார்கள். மூச்சிரைக்கும் ஒரு காவலருக்கு அந்தப் பெரிய துறையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேறொரு பணி இருந்ததா, அதைத் தர மறுத்தார்களா என்ற கேள்வி அப்போதுதான் முதல் முறையாக ஒரு நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. ஜூரிகள் டோரஸின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சுமார் 24 லட்சத்து 90 ஆயிரம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு, டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் மனுக்களை எடுத்துப் பார்த்தேன். ஏழு மனுக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கேட்டிருந்ததும் அதே கேள்விதான்: தொலைபேசி இல்லாத மேசை ஏதேனும் அலுவலகத்தில் இருக்கிறதா?